ஏறிய காலர்

கட்டியவன் கையாலேயே செத்த பெண்களைப் பற்றி அவரவர் வீட்டார் எழுதும் புத்தகமாம். இவளிடம் தங்கையைப் பற்றி நாலு பக்கம் கேட்டிருந்தார்கள். தையல்காரியைத் துணி வெட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவாள், எழுதச் சொன்னால்? மூன்று வாரமாக வெட்டுமேஜையில் உட்கார்ந்து ஒரே வரியை எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தாள். ‘எங்களுக்கு எதுவும் தெரியாது.’

பொய் எப்படி நிற்கும்? ஆனால் உண்மையை எழுதினால் தங்கை மகள் படிப்பாள். பதினைந்து வயசு. அம்மா போனதிலிருந்து இவளோடுதான் இருக்கிறாள். அவள் சரி சொன்னால்தான் அச்சுக்கே போகும். படித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மாமன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டால்? அந்தப் பயம்தான்.

மேஜைக்கு எதிரே துணி மாட்டிப் பார்க்கும் பொம்மை நின்றது. தங்கையின் அளவுக்குப் பஞ்சு சுற்றிக் கட்டியது. அவள் கடைசியாகத் தைக்கக் கொடுத்த சட்டை, விளிம்பு மட்டும் மடிக்காமல், இரண்டு வருஷமாக அதன்மேல் கிடந்தது. இவள் எழுத உட்கார்ந்த நாளிலிருந்து அந்தச் சட்டையின் கை நாளுக்கு நாள் இறங்கியது. தொங்கும் துணி இறங்கத்தான் செய்யும். தொழில் தெரிந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பயமா?

அன்று மத்தியானம் நிமிர்ந்தபோது காலர் ஏறியிருந்தது. டேப்பை வைத்துப் பார்த்தாள். ஒரு விரற்கடை. துணி இறங்கும், சரி. ஏறுமா?

அளவு நோட்டைப் புரட்டினாள். கல்யாணமான வருஷம் தங்கையின் சட்டைக் கை ஆறு அங்குலம். அடுத்த வருஷம் பத்து. அப்புறம் மணிக்கட்டு வரை. கடைசியில், ‘காலர், உயரமாக’. எல்லாம் இவள் கையெழுத்துதான்.

“கையை இன்னும் கொஞ்சம் இறக்கி வை அக்கா” என்பாள் தங்கை. “வெயில்ல வெந்து போகப்போறடி” என்று கிண்டலடித்துக்கொண்டே இவளும் இறக்கி வைத்தாள். அளவெடுக்கும்போது தோளில் நீலமாகக் கன்றியிருந்ததைப் பார்த்தாள். கேட்கவில்லை. வாயில் குண்டூசி இருந்ததாம்! பாவி, துப்பிவிட்டுக் கேட்டிருக்கலாமே.

‘எனக்குத் தெரியும்’ என்று எழுதினாள். அதற்கப்புறம் பேனா நிற்கவில்லை. பொம்மை பக்கம் திரும்பவே இல்லை. தோளுக்குப் பின்னால் யாரோ குனிந்து படிப்பதுபோல் கழுத்து மட்டும் சில்லிட்டது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த தங்கை மகள் பையைக்கூட இறக்காமல், நின்றபடியே நாலு பக்கத்தையும் படித்தாள். அழவில்லை.

“அம்மா உங்ககிட்ட சொன்னாங்களா, பெரியம்மா?”

“வாயால சொல்லலடி.”

“எங்கிட்ட சொல்வாங்க. ஒவ்வொரு தடவையும், இங்கேருந்து வீட்டுக்குத் திரும்பும்போது.”

“என்னன்னு?”

“‘அக்கா பார்த்துட்டா. அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே நம்மளைக் கூட்டிட்டுப் போக வந்துருவா’ன்னு.”

தையல்காரி அப்போதுதான் பொம்மை பக்கம் திரும்பினாள்.

“துணியெல்லாம் கட்டி வச்சிருந்தோம், பெரியம்மா” என்றாள் மகள். மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து அவள் விரல்களுக்குள் திணித்தாள். “அதையும் எழுதுங்க.”