மூன்று நூல்கள், ஒரு கடிதம்

காலை பத்து நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. அன்றைய முதல் அழைப்பு.

"டிரக் இன்ஃபர்மேஷன். ஈவா பேசறேன்."

"இன்னும் அங்கதான் இருக்கீங்களா? கம்ப்யூட்டர் வந்து உங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கும்னு நினைச்சேன் லா."

டாக்டர் அப்துல் கஃபார். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் சிறிய கிளினிக் வைத்திருப்பவர். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். நேரில் பார்த்ததில்லை.

"இன்னும் அனுப்பலை, டாக்டர்."

"ஒரு சின்ன உதவி. மூணு வருஷம் முன்னாடி ஒரு பதில் கொடுத்தீங்க. வலிப்பு மாத்திரை சாப்பிடுற அம்மா, தாய்ப்பால் கொடுக்கலாமான்னு. கூடாதுன்னு எழுதியிருந்தீங்க. அதே அம்மாவுக்கு இப்போ ரெண்டாவது. கொடுத்தே தீருவேன்னு நிக்கறாங்க. அந்தப் பேப்பரை மறுபடி அனுப்பினா காட்டிடுவேன்."

"குழந்தைக்கு எத்தனை நாள்?"

"ஒன்பது. நிறைமாசம். மூணு கிலோ இருநூறு. நல்லா இருக்கு."

"அம்மா வேற மாத்திரை ஏதாவது?"

"இல்லை. அது ஒண்ணுதான். என்னம்மா, முதல்லேருந்தா? என் போன்ல அந்த AI கிட்டயும் கேட்டுட்டேன். அதுவும் கூடாதுன்னுதான் சொல்லுது. கீழே லிங்க் வேற கொடுத்திருக்கு."

"லிங்க்கை அனுப்புங்க. எப்போ திரும்ப வராங்க?"

"மூன்றரைக்கு."

அவள் நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

அறை மருத்துவமனையின் நிலவறையில் இருந்தது. பக்கத்தில் துணிக் கிடங்கு. ஜன்னல் இல்லை. இரண்டு மேசைகளில் ஒன்று சென்ற ஆண்டிலிருந்து காலி. மருந்துகளைப் பற்றி மருத்துவர்களும் செவிலியர்களும் கேட்பார்கள். அவள் தேடிப் பதில் எழுதுவாள். நோயாளிகள் அவளிடம் பேசுவதில்லை. பதிவுப் படிவத்தில் அவர்களுக்குப் பெயர் கிடையாது. வயது, எடை, மருந்து. கடைசியில் 'பின்விளைவு' என்று ஒரு கட்டம். என்ன ஆயிற்று என்று கேட்டவர் திரும்பச் சொன்னால் அதை நிரப்ப வேண்டும். யாரும் சொல்வதில்லை.

பழைய பதிவை எடுத்தாள். மார்ச் 2022. தாய், 27 வயது. ஆண் குழந்தை, 5 நாள். பதில்: தாய்ப்பால் தவிர்க்கவும். மூன்று நூல்களும் ஒருமித்துக் கூறுகின்றன. எடுத்துக்கொண்ட நேரம், பதினெட்டு நிமிடம். பின்விளைவு, காலி.

இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட பதிலை அப்படியே அனுப்பக் கூடாது, முதலிலிருந்து தேட வேண்டும் என்பது அந்த அறையின் விதி. எழுதியவள் அவளே. இப்போது அதைக் கவனிக்க வேறு யாரும் இல்லை.

டாக்டர் அனுப்பிய இணைப்பைத் திறந்தாள். அவளுடைய மருத்துவமனையின் இணையப் பக்கம். மருத்துவர்களுக்கான கேள்வி பதில். அவள் அன்று எழுதிய அதே வாக்கியங்கள். இதுவரை 11,204 பேர் பார்த்திருந்தார்கள்.

அதை மூடிவிட்டு நூல்களுக்குப் போனாள். மூன்றும் புதிய பதிப்புகள். மூன்றிலும் அதே வரி. இம்முறை அடிக்குறிப்புகளைப் படித்தாள். மூன்றாவது நூல் முதல் இரண்டையும் சுட்டியது. இரண்டாவது முதலாவதைச் சுட்டியது. முதலாவது 1986-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த வாசகர் கடிதத்தைச் சுட்டியது.

கடிதம் இணையத்தில் இல்லை. நூலகத்துக்கு எழுதினாள்.

பன்னிரண்டரைக்கு உணவுக்கூடத்தில் ஒரு தட்டு மீ சியாம் சேமியா வாங்கினாள். நான்கு பேருக்கான மேசையில் உட்கார்ந்தாள். ஒரு பெண் வந்து, யாராவது இருக்கிறார்களா என்று சைகையில் கேட்டு, மூன்று நாற்காலிகளையும் எடுத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது பக்கத்தில் நின்ற பெரியவர் கைகொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் அவளைத் தொடவில்லை. இன்று வியாழன்.

ஒன்றேகாலுக்கு நூலகர் வேய்ன் அந்தப் பழைய கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். இணைப்பில், என்று மட்டும் எழுதியிருந்தார்.

அரைப் பக்கம். ஒரு தாய், ஒரு குழந்தை. குழந்தை எட்டாம் மாதத்தில் பிறந்தது. சரியாகப் பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தது. தாய் அந்த மாத்திரையோடு ஒரு தூக்க மருந்தும் சாப்பிட்டிருந்தாள். பாலில் எவ்வளவு மருந்து இருந்தது என்று யாரும் அளக்கவில்லை. காரணம் இதுதான் என்று எங்களால் சொல்ல இயலாது என்று கடிதம் முடிந்தது.

ஈவா அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

பிறகு ஆய்வுகளைத் தேடினாள். இரண்டு கிடைத்தன. இரண்டிலும் பாலை அளந்திருந்தார்கள், குழந்தைகளின் ரத்தத்தையும். எத்தனை பேர், எப்படி அளந்தார்கள், யார் செலவில், எத்தனை பேர் பாதியில் விலகினார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டும் நம்பும்படி இருந்தன. பாலில் மருந்து மிகக் குறைவு. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் அளக்க முடியாத அளவு. நிறைமாதக் குழந்தைக்குக் கொடுக்கலாம். அதிகத் தூக்கமும் எடையும் மட்டும் கவனிக்க வேண்டும்.

ஒன்று 2024-இல் வந்தது. மற்றொன்று 2021-இல்.

பழைய பதிவை மறுபடி பார்த்தாள். மார்ச் 2022. அந்த மாதம் தடுப்பூசிக் கேள்விகள் நாளுக்கு நாற்பது வந்தன. மூன்று நூல்கள் ஒன்றைச் சொன்னதும் அவள் நிறுத்திவிட்டாள்.

இணையப் பக்கத்தை எடுக்கச் சொல்லிக் கணினிப் பிரிவுக்கு எழுதினாள். மூன்று வேலை நாட்களாகும் என்று தானியங்கிப் பதில் வந்தது.

மூன்று இருபத்தைந்துக்குக் கிளினிக்கை அழைத்தாள்.

"கொடுக்கலாம், டாக்டர்."

"என்னது?"

"கொடுக்கலாம். நான் அப்போ எழுதினது தப்பு. மூணு புத்தகமும் ஒரே ஒரு லெட்டரை வச்சு எழுதியிருக்கு. நான் லெட்டரைப் பார்க்கலை. நீங்க அனுப்பின லிங்க்கும் நான் எழுதினதுதான்."

அவர் கதவைச் சாத்துவது கேட்டது.

"அப்போ வேற ஆராய்ச்சி ஒண்ணும் இல்லாம இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஒரு வருஷம் முன்னாடியே வந்திருக்கு. நான் தேடலை."

"சரி." மூச்சு விட்டார். "நானும்தான் கேக்கலை. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். இப்போ ஏதாவது புதுசா வந்திருக்கா?"

"2024-ல ஒண்ணு."

"போதும். புது ஆராய்ச்சி வந்திருக்குன்னு சொல்லிடலாம். பொய் இல்லையே. பச்சை உடம்புக்காரி, ஈவா. பழசைக் கிளறி என்ன ஆகப் போகுது?"

அவள் இரண்டு ஆய்வுத் தாள்களையும் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணு பண்ணுங்க. நீங்களே சொல்லிடுங்க. நான்தான் அன்னிக்கு நிறுத்தச் சொன்னவன். நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

"நான் பேஷன்ட் கிட்ட பேசறதில்லை, டாக்டர்."

"இன்னிக்குப் பேசுங்க. ஆஸ்மான்னு பேரு."

கதவு திறந்தது. நாற்காலி நகர்ந்தது. குழந்தை ஒன்று முனகியது. டாக்டரின் குரல் உரக்க வந்தது. "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். ஆஸ்மா, இவங்க ஆஸ்பத்திரியில மருந்து விவரம் பார்க்கறவங்க. நல்ல சேதி. புது ஆராய்ச்சி வந்திருக்கு. தாய்ப்பால் கொடுக்கலாமாம்."

ஈவா பதிவைப் பார்த்தாள். தாய், 27 வயது. இப்போது முப்பது.

"கொடுக்கலாம், ஆஸ்மா," என்றாள். "மாத்திரையை நிறுத்தாதீங்க. குழந்தை வழக்கத்தைவிட அதிகமா தூங்கினா, பால் குடிக்க எழுப்பினா எழும்பலைன்னா, உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. எடை மட்டும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கங்க."

"நிஜமாவா, அக்கா?"

"ஆமா."

"இவங்க தேடிப் பார்க்காம சொல்ல மாட்டாங்க," என்றார் டாக்டர்.

குழந்தை மறுபடி முனகியது.

"மூத்தவனுக்கு நிறுத்தச் சொன்னப்போ நான் நிறுத்தலைக்கா," என்றாள் ஆஸ்மா. "பால் வத்திடக் கூடாதுன்னு பத்து நாள் பம்ப் பண்ணேன். எல்லாம் சிங்க்லதான் ஊத்தினேன். யாராவது போன் பண்ணி, பரவாயில்லை கொடுன்னு சொல்வாங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்."

"ஆஸ்மா, அது பழைய கதைம்மா," என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர், சும்மாதான் சொல்றேன். அவனுக்கு என்ன குறை, பவுடர் பால்ல வளர்ந்து உங்க தராசையே உடைக்கிறான்." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நான் சாங்கி ஏர்போர்ட்ல கார்கோ பேப்பர் பார்க்கற வேலைக்கா. தேதி இல்லாம ஒரு பெட்டியையும் விட மாட்டேன். அதான் கேக்கறேன்."

ஈவாவின் எதிரே இரண்டு தாள்களும் இருந்தன. மேலே இருந்தது 2024.

"சொல்லுங்க."

"குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு முதல்முதல்ல எந்த வருஷம்க்கா கண்டுபிடிச்சாங்க?"