காலி பண்ணி எடுத்துட்டு வாங்க

1

இந்தக் கதை ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், ஏணிக்கு அடியில் பிறந்தது. முதல் வரைவில் கதாநாயகியை 'எதிர்வீட்டுப் பெண்' என்று எழுதியிருந்தேன். பொய். அவள் என் அண்ணி. அவள் புருஷன் என் கூடப்பிறந்த அண்ணன். அவன் குடித்துப்போட்ட பாட்டில்களைத்தான் அவள் விளக்காக மாற்றினாள். எதிர்வீடு என்று எழுதினால் என் குடும்ப மானம் தப்பும், கதை தப்பாது. அதனால் எதிர்வீட்டைக் காலி செய்துவிட்டேன்.

(காலி. இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். எல்லாம் இதில்தான் மாட்டிக்கொண்டது.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "உடைந்த வாழ்க்கையின் கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவள்—"

வேண்டாம். அண்ணி படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் பாட்டிலை உடைப்பதில்லை, வெட்டுகிறாள். துண்டு பொறுக்குகிற நிலை வந்தால் வேலை கெட்டுவிட்டது என்று பொருள்.

இரண்டாம் முயற்சி: பாட்டிலை ஒருநாள் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு லேபிளை உரிக்க வேண்டும். கண்ணாடி வெட்டும் கட்டரால் அடிப்பாகத்தைச் சுற்றி ஒரே ஒரு கோடு. இரண்டாம் தடவை போனால் வெட்டு பல்லைக் காட்டும். கோட்டின் மேல் கொதிநீர், உடனே குளிர்ந்த நீர், மறுபடி கொதிநீர். 'டக்'கென்று அடி கழன்று விழும். விளிம்பை ஈர உப்புத்தாளில் தேய்த்து, கழுத்து வழியாக ஒயரை இறக்கி, உள்ளே பல்பை மாட்டிக் கழுத்து மேலிருக்கத் தொங்கவிட்டால் விளக்கு.*

இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் மனிதர் ஒருவரும் இல்லை.

* வட்ட பாட்டில் சொன்னபடி கேட்கும். சதுர பாட்டிலுக்கு நாலு மூலை, நாலு எமன். அண்ணன் பதினைந்து வருஷமாகக் குடித்தது சதுர பாட்டிலில் வரும் சரக்குதான். பச்சை நிறம்.

3

பதினோரு மாதத்துக்கு முன் அண்ணன் குடியை நிறுத்தினான். கடைசியாக வாங்கி வந்த பாட்டிலைத் திறக்காமல், தானே அலமாரிமேல் வைத்தான்.

"தூக்கிப் போடுங்களேன்" என்றாள் அண்ணி.

"கைக்கு எட்டுற தூரத்துல இருக்கட்டும். இல்லாத ஒண்ணை விட்டேன்னு சொல்றதுல என்ன பெருமை?"

அன்றே அண்ணியும் ஒன்றை நிறுத்தினாள். பதினைந்து வருஷமாக அவன் வீட்டுக்குள் நுழையும்போது வாசலிலேயே நிறுத்தி முகர்ந்து பார்ப்பாள். அவனும் ஸ்கூல் பிள்ளைபோல் தலையைக் குனிந்து காட்டுவான். "அவர் ஒண்ணை விட்டா நானும் ஒண்ணை விடணுமில்ல? இனி என் மூக்கு அவர் பக்கம் போகாது" என்றாள் என்னிடம்.

[இந்த இடத்தில் அவள் கண் கலங்கியதாக எழுதி அடித்துவிட்டேன். கலங்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் கிடந்த காலி பாட்டில்களை அன்று எண்ணிக்கொண்டிருந்தாள்.]

4

முதல் ஆர்டர் பல் டாக்டரம்மாவுடையது. புது மருத்துவமனை, காத்திருப்பு அறைக்கு ஒரே மாதிரி பன்னிரண்டு விளக்குகள். மறுநாள் காலை திறப்பு.

"அழகா இருக்கே! தேன் பாட்டிலா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அந்த மாதிரிதான். ஒட்டிக்கிட்டா விடாது" என்றாள் அண்ணி ஏணிமேலிருந்து.

பதினொன்று மாட்டியாகிவிட்டது. பன்னிரண்டாவதை எடுத்துக் கொடுத்தது நான். கொடுக்கும்போது அவளைப் பற்றி எழுதலாமா என்று கேட்டுக்கொண்டே கொடுத்தேன். ஏணிப்படியில் இடித்தது. நாலு மூலையும் நாலு திசைக்குப் போயின.

"நல்லா எழுதுவே, கதைக்காரி" என்றாள் அண்ணி.

மாடிப்படிக்கு அடியில் கிடந்ததில் வெட்டும்போது உடைந்தது போக மிஞ்சியது பன்னிரண்டுதான்; அந்த மாதிரிச் சதுரப் பச்சை வேறு எங்கும் இல்லை. பழைய பாட்டில் கடையில் ஏற்கெனவே தேடியாயிற்று. மணி நாலு. மேலே ஒரு ஒயர் மட்டும் மொட்டையாகத் தொங்கியது. அண்ணி அதையே பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"என்னங்க, அலமாரி மேல இருக்கிற பாட்டிலைக் காலி பண்ணி எடுத்துட்டு வாங்க. அவசரம்."

அந்தப் பக்கம், "சரி" என்றான் அண்ணன். போன் நின்றது.

5

"அண்ணி, இப்ப என்ன சொன்னீங்க?"

"பாட்டிலை எடுத்துட்டு வரச் சொன்னேன்."

"காலி பண்ணின்னு சொன்னீங்க."

"பின்னே, முழுசா வெச்சுக்கிட்டு எப்படி வெட்ற—"

பாதியில் நின்றுவிட்டாள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். 'இன்னைக்கு ஒண்ணு காலி பண்ணிட்டான்.' 'அதுக்குள்ள காலியா?' பதினைந்து வருஷம் இதைத்தான் சொன்னோம். கீழே ஊற்றுவதற்குக் 'கொட்டு' என்று ஒரு சொல் இருக்கிறது. அவசரத்தில் அது வாய்க்கு வரவில்லை.

"திரும்ப போன் போடுங்க. கொட்டிட்டு வாங்கன்னு சொல்லுங்க."

"சொன்னா என்ன அர்த்தம்? நீங்க குடிச்சிடுவீங்கன்னு பயந்தேன்னு அர்த்தம்."

"பயமா இல்லையா உங்களுக்கு?"

ஏணியிலிருந்து இறங்கினாள். "இருக்கு. அதுக்காக? பதினோரு மாசமா அவ்வளவு தூரம் நடந்த மனுஷனை ஒரு போன்ல திருப்பிக் கூட்டிட்டு வரவா?"

"நான் போடறேன்."

"போட்டுப் பாரு. அப்புறம் அண்ணின்னு என் வீட்டுப் படி ஏறாதே."

போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். மருத்துவமனைக் கெட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தாள். கட்டரைத் துடைத்தாள், உப்புத்தாளைக் கிழித்து அடுக்கினாள். வீடு நடந்து வரும் தூரம்தான், பத்து நிமிஷம். அண்ணன் வர நாற்பது நிமிஷம் ஆனது.

6

அந்த நாற்பது நிமிஷத்தில் நான் மனத்துக்குள் எழுதிய முடிவுகள்:

ஒன்று. அண்ணன் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்து, கழுவி, சிரித்துக்கொண்டே வருகிறான். பன்னிரண்டு விளக்கும் எரிகின்றன. (பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். வாசகர் கடிதம் வரும்.)

இரண்டு. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறான். அண்ணி பதினொரு விளக்கையும் கழற்றி— (இதற்கும் கடிதம் வரும். நீளமாக.)

மூன்று. அண்ணன் வரவே இல்லை. (இதை மனத்துக்குள்ளேயே அடித்துவிட்டேன். கூடப்பிறந்தவன்.)

7

வந்தான். இதுவரைதான் என் கற்பனைக்கு வேலை. இனி நடந்தது.

கையில் பாட்டில். காலி. லேபிளைக்கூடச் சுரண்டியிருந்தான். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. முகம் சிவந்திருந்தது. வெயிலில் வேகமாக நடந்தாலும் அவன் முகம் அப்படித்தான் ஆகும்.

"காலி பண்ணிட்டேன்" என்றான்.

பிறகு, யாரும் கேட்காமலே, கதவருகில் நின்று தலையைக் குனிந்தான். பழைய வழக்கம்.

"பாத்துக்கோ."

அண்ணி அவனைப் பார்த்தாள். இரண்டு மூச்சு நேரம் இருக்கும்.

"தள்ளி நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

"இல்ல, நீ ஒரு தடவை..."

"அந்த வேலையை நான் விட்டாச்சு. நீங்க உக்காந்து இதைப் பிடிங்க. மூலை திரும்பறப்ப ஆடாமப் பிடிக்கணும். உங்களால முடியுமா?"

"முடியும்."

"அப்ப பிடிங்க."

அவன் பிடித்தான். அவள் கட்டரை வைத்தாள்.

இந்தக் கதையைப் படித்த பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டார்: "அவர் குடிச்சாரா, கொட்டினாரா? அதைச் சொல்லாம எப்படிம்மா அச்சுக்கு அனுப்பறது?" அந்த வரி இல்லாமல்தான் போகும் என்றேன். அண்ணி பார்க்காததை நான் பார்த்து உங்களிடம் சொன்னால், அவள் விட்ட வேலையை நான் எடுத்துக்கொண்டதாக ஆகும். எனக்கு வேண்டாம் அந்த உத்தியோகம்.

ஆனால் உங்களை நான் தடுக்க முடியாது. நான் நின்ற இடம் இப்போது உங்களுடையது. உங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவே இரண்டடிதான். அவன் தலை பாட்டில்மேல் குனிந்திருக்கிறது. கட்டர் முதல் மூலையைத் திரும்புகிறது. ஒரு மூச்சு இழுத்தால் போதும், தெரிந்துவிடும்.

இழுப்பதும் இழுக்காததும் உங்கள் பாடு. நான் கெட்டிலில் தண்ணீர் கொதித்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டேன்.