பெயர் தெரியாத பலகைகள்

மாமனார் பேச்சுக்கு மறுபேச்சு என்று ஒன்று அந்தப் பட்டறையில் அதுவரை இருந்ததில்லை. வேனிலிருந்து இறக்கிய பலகைகளைத் தட்டிக் காட்டி, "அசல் தேக்கு! என் சிநேகிதன் மரக்கடைய காலி பண்றான், எனக்குன்னு எடுத்து வச்சது. ஆஸ்பத்திரித் தோட்டத்து பெஞ்சுக்கு இதையே போட்டுடுங்க" என்றார். மகன் தலையாட்டிவிட்டு அளவு டேப்பை எடுத்தான். மருமகள் இழைப்புளியை எடுத்தாள்.

ஆர்டர் பிடிப்பது கணவன் பொறுப்பு; அறுப்பதும் இழைப்பதும் பூட்டுவதும் அவள் பொறுப்பு. ஒரு பலகையின் ஓரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தாள். மேலே இருந்த காப்பி நிறத்துக்குக் கீழே வெளிறிய மஞ்சள் எட்டிப் பார்த்தது. சீவலை முகர்ந்தாள். தேக்கை இழைத்தால் எண்ணெயும் தோலும் கலந்த மாதிரி ஒரு வாசம் வரும். இதில் லேசான புளிப்பு. பலகையின் முனையை உளியால் வழவழவென்று சீவி, ஈரத்துணியால் துடைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தாள். தேக்கில் துளைகள் வளையம் வளையமாக அடுக்கியிருக்கும். இங்கே அள்ளித் தெளித்த மாதிரி சிதறிக் கிடந்தன.

"மாமா, இது தேக்கு இல்ல."

"பின்ன என்னவாம்?"

"தெரியல. தெரியாத மரத்துல வெளிய போடற பெஞ்சு செய்ய மாட்டேன்."

"நான் தேக்குன்னா தேக்குதான்!"

"நீங்க சொன்னா நான் கேட்டுக்குவேன் மாமா. மழை கேக்காது."

கணவனுக்குச் சிரிப்பு முட்டியது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டான். அவர் போன பிறகு, "ரெண்டு கோட் வார்னிஷ் அடிச்சா ஆச்சு. எதுக்கு வம்பு?" என்றான்.

"ஆபரேஷன் ஆனவங்க தள்ளாடி வந்து உக்காரப் போற பெஞ்சு. அதோட கால் இத்துப்போனா விழறது அவங்களா, உங்க வார்னிஷா?"

ஒரு துண்டை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு, மரம் சோதிக்கும் ஆய்வுக்கூடத்துக்கு அவளே பஸ் ஏறினாள். முடிவு வரும்வரை மாமனார் அவளோடு பேசவில்லை. காப்பி வேண்டுமென்று மகனிடம் சொல்வார். மகன் வாயைத் திறப்பதற்குள் அவள் டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிடுவாள்.

ரப்பர் மரம் என்று முடிவு வந்தது. வீட்டுக்குள் நன்றாக உழைக்கும். வெயிலிலும் மழையிலும் போட்டால் பூஞ்சை பிடித்து இற்றுவிடும்.

"யாரோ சொன்னா வேதவாக்கு, நான் சொன்னா இளக்காரம்" என்று பொருமிய மாமனார், அவளுக்கு முந்திக்கொண்டு ஆஸ்பத்திரி மேலாளரின் அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் அங்கேயும் வந்து நின்றாள்.

"பெரியவர் தேக்குன்னாரே?" என்றார் மேலாளர்.

"அப்படித்தான் நம்பி வாங்கினாரு. சோதிச்சதுல ரப்பர் மரம்னு வந்திருக்கு. அது வெளிய தாங்காது. நல்ல மரத்துல செஞ்சு தரேன், கொஞ்சம் தாமதமாகும்."

"திறப்பு விழாவுக்கு வேணும்மா. இப்போதைக்கு இதையே போடு, அப்புறம் பாத்துக்கலாம்."

"போட மாட்டேன் சார்."

"அப்ப வேற ஆளைப் பாக்கறேன்."

"பாருங்க. அவங்ககிட்டயும் என்ன மரம்னு கேளுங்க."

மேலாளர் மாமனார் பக்கம் திரும்பினார். "என்னங்க இது, வீட்டுப் பொம்பளைய பேசவிட்டு வேடிக்கை பாக்கறீங்க?"

மாமனார் விருட்டென்று எழுந்தார். "பட்டறையில மரத்தைத் தொடறது அவதான். அவ மாட்டேன்னா மாட்டேன்தான்" என்று சொல்லிவிட்டு, மருமகளுக்கு முன்பாகவே வெளியே நடந்தார்.

ஆஸ்பத்திரி ஆர்டர் கைவிட்டுப் போனது போனதுதான். அந்தப் பலகைகளில் அவள் புத்தக அலமாரிகள் செய்தாள். ஒவ்வொன்றின் முதுகிலும் 'ரப்பர் மரம். நனைய விடாதீர்கள்' என்று பெயின்டால் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

"இப்படி எழுதி வச்சா எவன் வாங்குவான்?" என்றார் மாமனார்.

"தெரிஞ்சு வாங்கறவங்க வாங்கட்டும் மாமா" என்று சொல்லிவிட்டு, அடுத்த அலமாரியைத் திருப்பிப் போட்டாள்.