நான்காம் லயத்தைப் பிடித்திருந்தவள்

மணல்மேட்டுத் தோட்டத்தின் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் ஒன்றான நான்காம் லயம், 1983ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், வாரத்துக்கு ஒரு சாண் வீதம் ஈயக்குட்டையை நோக்கி நகர ஆரம்பித்தது. அதே சமயத்தில் நெத்திலி விலையும் ஏறியிருந்ததால் யாரும் இதை உடனே பெரிதுபடுத்தவில்லை. குட்டை லயத்தின் பின்புறம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ஈயம் தோண்டியவர்கள் எடுக்கவேண்டியதை எடுத்துக்கொண்டு, பள்ளத்தை மட்டும் பத்தாங் பெர்ஜுந்தாய் ஊர்ப்பக்கத்து மக்களுக்கு விட்டுப்போயிருந்தார்கள். அதன் ஆழத்தைத் தெரிந்துகொண்டவர்கள் யாரும் மேலே வந்து சொல்லவில்லை. லயத்தின் ஆறு வீடுகளும் ஒரே தகரக் கூரையின்கீழ், சுவரில் விரிசல் விழாமல், அடுப்பில் கொதிக்கும் குழம்பு தளும்பாமல் நகர்ந்தன. முதலில் கண்டுபிடித்தவர்கள் பெண்கள். முன்வாசல் பக்கமிருந்த பொதுக்குழாய்க்கு வரவரக் கூடுதலாக நடக்கவேண்டியிருந்தது. குடம் சுமக்கிறவர்களுக்குத்தான் தூரம் தெரியும். தோட்ட நிர்வாகியான துரை ஜீப்பில் வந்து தோட்டத்து வரைபடத்தை விரித்துப் பார்த்தார். வரைபடத்தில் லயம் பழைய இடத்திலேயே இருந்தது. எனவே லயம் நகரவில்லை என்று அறிவித்துவிட்டு மதிய உணவுக்குப் போனார்.

கோயில் தலைவர், தொழிற்சங்கக் கிளைச் செயலாளர், பெற்றோர் சங்கத் தலைவர், காற்பந்துக் குழுவின் புரவலர் ஆகிய நால்வரும் அன்று மாலையே கூடி ஆலோசித்தார்கள். நால்வரும் நடராஜா என்ற ஒரே ஆள்தான் என்பதால் கருத்து வேறுபாடு எழவில்லை. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது, பொறுமையாக இருங்கள் என்று அவர் மைக்கில் சொன்னார்.

"யாரோட பேச்சுவார்த்தை தலைவரே, குட்டையோடயா?" என்று கூட்டத்திலிருந்து கங்கா கேட்டாள்.

கங்கா மருந்தடிக்கும் வேலைக்காரி. லயத்தின் கடைசி வீட்டில், அதாவது குட்டைக்கு மிக அருகிலிருந்த வீட்டில், நல்லம்மாளோடு இருந்தாள். இருவரும் லோரி டிரைவர் சிவானந்தத்தின் மனைவிகள்; நல்லம்மாள் மூத்தவள், கங்கா இளையவள். சிவானந்தம் 1978இல் குவாந்தானுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனான். லோடு மட்டும் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு அந்த வீட்டில் ஒருத்திக்கு மற்றவளைத் தவிர வேறு ஆளில்லை. அவர்கள் விடிந்ததும் சண்டையைத் தொடங்கி, விளக்கணைக்கும்போது அதை மறுநாளைக்கு ஒத்திவைத்து வாழ்ந்தார்கள். 1981இல் ஒரு செம்பனைக் குலை நல்லம்மாளின் முதுகில் விழுந்து இரண்டு கால்களும் போயின. அன்றிலிருந்து அவள் படுத்துக்கொண்டு சண்டை போட்டாள்.

நல்லம்மாளைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போகவேண்டியதுதானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அதையும் செய்து பார்த்தார்கள். நான்காம் லயத்தில் குடியிருந்தவர்கள் எல்லோருமே, எங்கே போனாலும், லயத்தின் வேகத்தில் குட்டைப்பக்கம் நகர்ந்துகொண்டுதான் இருந்தார்கள். நடக்கத் தெரிந்தவர்கள் அதைத் தங்களையறியாமல் நடந்து சரிக்கட்டிவிடுவார்கள். நல்லம்மாளால் முடியவில்லை. மேற்கே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அவளுடைய கட்டில் கொஞ்சங்கொஞ்சமாகக் கிழக்குச் சுவரைத் தொட்டு, பிறகு சுவரை நெருக்க ஆரம்பித்தது. வார்டில் ஒழுங்கு கெடுகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆக, லயம் குட்டைக்குள் போனால் நல்லம்மாளும் போவாள். அவள் எங்கே படுத்திருந்தாலும் சரி. கங்காவுக்கு இது தெரிந்திருந்தது. மற்றவர்களுக்கும் தெரியும், ஆனால் அவர்களுக்கு வேறு வேலைகளும் இருந்தன.

அந்தச் சமயத்தில்தான் துரை வேலி போட்டார். லயத்து மாடுகள் செம்பனைக் கன்றுகளின் குருத்தைத் தின்றுவிடுகின்றன என்பது அவருடைய புகார். லயத்தைப் பற்றிக் கவலைப்படாத கம்பெனி, மாட்டைப் பற்றிக் கவலைப்பட்டுப் பல சுருள் முள்கம்பி அனுப்பியது. கூடவே, தொய்ந்த கம்பியை இழுத்து விறைப்பாக்கும் சாமான் ஒன்றும் வந்தது. முழங்கை நீள இரும்புப் பிடி, பல் வைத்த சக்கரம், இரண்டு பக்கமும் சங்கிலி, சங்கிலி நுனியில் கம்பியைக் கவ்வும் வாய். பிடியை ஆட்ட ஆட்டச் சக்கரம் ஒவ்வொரு பல்லாக ஏறும். திரும்பிச் சுழலாமல் தடுக்க ஒரு சின்னக் கொக்கி உண்டு. தோட்டத்தில் அதை முறுக்கி என்றார்கள். தூண் செலவை மிச்சம்பிடிக்க, வேலியின் ஒரு முனையைப் பழைய ரப்பர் ஆலையின் கான்கிரீட் தூணிலும் மறுமுனையை நான்காம் லயத்தின் மூலைத் தூணிலும் கட்டச் சொன்னார் துரை. கட்டி முறுக்கியதும் லயம் ஒரு சாண் பின்வாங்கி வந்து நின்றது. வீட்டுக்குள் நல்லம்மாளின் கட்டிலும் வந்து நின்றது. துரையின் கஞ்சத்தனத்தால் விளைந்த நன்மை என்று அந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தது இது ஒன்றுதான்.

நடராஜா இதைப் பேச்சுவார்த்தையின் வெற்றி என்று அறிவித்தார். துரைக்கு மாலை போட்டார்கள். துரை பதிலுக்கு நடராஜாவுக்குப் போட்டார். கம்பி தொய்யத் தொய்ய வாரம் ஒருமுறை முறுக்கி, தூணில் சுற்றிக் கட்டினால் போதும் என்றாகிவிட்டது. முறுக்கி பொதுச்சொத்து, அதனால் பொதுமனிதரிடம் இருப்பதே முறை என்று நடராஜா அதைக் கோயில் அறையில் வைத்துப் பூட்டினார்.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குக் குலை வெட்டும் கத்தி, மருந்துத் தொட்டி, கணக்கெழுதும் கிராணியின் தட்டச்சு மெஷின், நடராஜாவின் மோட்டார் சைக்கிள், மைக் எல்லாவற்றையும் சந்நிதியில் வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டார்கள். முறுக்கிக்கு நடுவிடம். பூஜை போட்ட ஆயுதத்தை மறுநாள் படையல் எடுக்கும்வரை தொடக்கூடாது. அதுதான் அதற்கு ஆண்டு விடுமுறை. ஆனால் முந்தின நாளிலிருந்து மழை விடாமல் கொட்டியது. பகல் பூஜை முடிந்த வேளையில் மூலைத் தூணில் கட்டியிருந்த கம்பி வழுக்கியது. லயம் வாரக் கணக்கை விட்டுவிட்டு மணிக்கணக்குக்கு மாறியது.

கங்கா நனைந்தபடி கோயிலுக்குள் வந்தாள். "எங்க பின்வாசல்ல தண்ணி ஏறிடுச்சு. அதக் குடுங்க தலைவரே."

"பொட்டு வச்சாச்சும்மா. இன்னிக்கு அது சாமி. நாளைக்குக் காலையிலதான் அது சாமான்."

"நாளைக்கு அக்கா இருக்கமாட்டா."

"சம்பிரதாயம்னு ஒன்னு இருக்குலா."

"ஒங்க மைக்குக்கும்தான் பொட்டு வச்சிருக்கு. அது மட்டும் கையில இருக்கு?"

"மைக் வேற" என்றார் நடராஜா, மைக்கிலேயே.

கங்கா படையல் இலையைத் தாண்டிப்போய் முறுக்கியை எடுத்துக்கொண்டாள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஊரே குடை பிடித்துக்கொண்டு அவள் பின்னால் போய், லயத்துக்குச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தது. ஒருவர் பிடியை ஆட்ட, இன்னொருவர் வாய் கம்பியைக் கவ்வும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நான்காம் லயத்து ஆண்களே கைகளைக் கட்டிக்கொண்டு, பக்தியோடு நின்றார்கள். வீட்டுக்குள்ளிருந்து நல்லம்மாள், "சின்னவளே, கட்டில் காலு நனையுதுடி" என்று கத்தினாள்.

பத்தாங் பெர்ஜுந்தாயில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த நாகூர் மீரான், பால் எடுக்க வேனில் வந்தவர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். "எனக்கு இது இரும்புதாம்மா. எங்க புடிக்கணும், சொல்லு."

வாய் கவ்வியது. கங்கா பிடியை ஆட்டினாள். லயம் முனகியபடி மேலே வந்தது. பின்வாசல் தண்ணீரிலிருந்து எழுந்தது. கடைசிப் பல்லில் தடுப்புக் கொக்கி முறிந்து சேற்றில் விழுந்தது. நாகூர் மீரான் கடையில் ரொட்டி மாவு காய்ந்துவிடும் என்று கிளம்பினார். வரலாறு அவரிடம் அதற்குமேல் கேட்கவில்லை. கங்கா பிடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்; விட்டால் சக்கரம் திரும்பிச் சுழலும்.

மறுநாள் காலை, முறுக்கி மறுபடி சாமானாகிவிட்டதால், எல்லோரும் உதவிக்கு வந்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவரை வரவழைத்து நடராஜாவே முதலில் பிடியை வாங்கினார். அந்தப் படம் வெளிவந்தது. அதில் நடராஜா தெளிவாகச் சிரிக்கிறார்; பின்னால் லயம் மட்டும் மங்கலாக இருக்கிறது, நகர்ந்துகொண்டிருந்ததால். பலசாலிகள் பிடித்தார்கள், இருவர் சேர்ந்து பிடித்தார்கள், மோட்டார் சைக்கிளில் கட்டிப் பார்த்தார்கள். கங்காவின் கையில் இருந்தால் மட்டுமே லயம் நின்றது. புது முறுக்கி கேட்டுத் துரை தலைமையகத்துக்குச் சொல்லியனுப்பினார். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அடுத்த ஆண்டும் அதே பதில் வந்தது.

கங்கா நின்றாள். தலைக்குமேல் கான்வாஸ் கட்டிக்கொடுத்தார்கள். மூன்றாம் லயத்துத் தங்கமணி இரண்டு பேருக்கும் சோறு ஊட்டிவிட்டுப் போனாள். கங்கா நின்றபடியே தூங்கினாள், நின்றபடியே காய்ச்சலில் நடுங்கினாள். ஈஜோக், ராசா ஆகிய ஊர்களிலிருந்து ஆட்கள் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டு, நிலக்கடலைத் தோலைப் போட்டுவிட்டுப் போனார்கள். துரை அவளை வேலி பராமரிப்பில் சேர்த்துக்கொண்டார். லயம் நகரவில்லை என்ற அறிவிப்பை மட்டும் திரும்பப் பெறவில்லை. சில மதியங்களில் அவள் அழுவாள். அழுதால் மூக்கைத் துடைக்கக் கையில்லை. அந்த வழியே போகிற யாரைக் கண்டாலும், "அண்ணே, புதுச் சாமான் வந்துருச்சா?" என்று கேட்பாள். பிறகு ஆட்களே அந்த வழியைத் தவிர்க்க ஆரம்பித்தார்கள். மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக ரவாங் தொழிற்சாலைகளுக்குப் போய்ச்சேர்ந்தார்கள்.

ஜன்னல் வழியே சண்டை மட்டும் நிற்காமல் நடந்தது.

"அடியே, விட்டுட்டுப் போய்த் தொலையேன். ரவாங்ல பொம்பளைங்க உக்காந்துக்கிட்டே வேலை செய்றாளுங்களாம்."

"நீ போயிட்டா நான் யாரோடக்கா சண்டை போடுறது? வாய மூடிக்கிட்டுப் படு."

1985இல் சிவானந்தம் லோரியோடு வந்தான். நடந்ததைக் கேட்டு மிகவும் மனம் வருந்தினான். நான் பிடிக்கிறேன் என்று முன்வந்து, ஒரு சிகரெட் தீரும் நேரம் பிடித்தான். லயம் ஒரு முழம் இறங்கியது. "சின்னவளே, அந்த ஆள நம்பாத, நீயே புடி!" என்று நல்லம்மாள் உள்ளிருந்து அலறினாள். அவன் இன்னொரு பாக்கெட் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

1987 ஆகஸ்டில் நடராஜா கங்காவுக்குப் பாராட்டு விழா எடுத்தார். விழா கோயில் மண்டபத்தில். விழா நாயகி கடமையின் காரணமாக வர இயலாததால், பொன்னாடையை ஒரு நாற்காலிக்குப் போர்த்துவது என்று முடிவானது. கோழி பிரியாணி உண்டு என்று தெரிந்ததும் தோட்டத்தில் ஓர் ஆள் மிச்சமில்லை. தங்கமணியும் காலைக் கஞ்சியை ஊட்டிவிட்டுப் போய்விட்டாள். வெயில் தகரத்தைக் காய்ச்சியது. நண்பகலில் நல்லம்மாள், "தண்ணி" என்றாள். கங்கா தங்கமணியைக் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. ஒலிபெருக்கி நாலாபக்கமும் கட்டப்பட்டிருந்ததால் அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை. "கொஞ்சம் பொறுத்துக்கக்கா, வந்துருவாங்க" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். நல்லம்மாள் திட்டவில்லை. அதுதான் கங்காவைப் பயமுறுத்தியது. இத்தனை வருடத்தில் மூத்தவள் எதையும் திட்டாமல் கேட்டதில்லை. "தண்ணி" என்ற குரல் மறுபடி வந்தது, முன்னைவிடச் சின்னதாக. தண்ணீர்ப்பானை உள்ளே அடுப்பங்கரையில், பத்தடியில் இருந்தது. பிடியை விட்டால் வீடு போகும். விடாவிட்டால் அக்கா தாகத்தோடு போவாள். "எத்தனை சோதனை வந்தபோதும்," என்று நடராஜா முழங்கிக்கொண்டிருந்தார், "அந்த வீரப்பெண்மணி கைப்பிடியைத் தளரவிட்டதே இல்லை!" கைதட்டல் எழுந்தது. கங்கா கையை எடுத்தாள்.

சக்கரம் கதறிக்கொண்டு சுழன்றது. அவள் ஓடிப்போய்த் தம்ளரில் மொண்டு, நல்லம்மாளின் தலையைத் தூக்கி மடியில் வைத்துப் புகட்டினாள். வீடு இறங்கிக்கொண்டிருந்தது. நல்லம்மாள் அவசரப்படாமல் குடித்தாள். குடித்து முடித்து, கண்ணைத் திறந்து, மடியின் மேலிருந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"இத்தனை நாளா எங்கடி போயிருந்த?"

"இங்கதான்க்கா."

குட்டைத் தண்ணீர் ஜன்னல் வழியே உள்ளே வந்தது.

பிரியாணிப் பொட்டலங்களோடு திரும்பியவர்கள், குட்டையின் மட்டம் சற்று உயர்ந்திருப்பதையும், கரையில் கங்கா தம்ளரோடு உட்கார்ந்திருப்பதையும் கண்டார்கள். அவள் உட்கார்ந்து பார்த்தே பல பேருக்கு மறந்துபோயிருந்தது. நல்லம்மாள் மேலே வரவில்லை. நடராஜா நால்வரும் கூடி இரங்கல் தீர்மானம் நிறைவேற்றி, பாராட்டு விழாவின் பந்தலை அதற்கே பயன்படுத்திக்கொண்டார்கள்.

நாகூர் மீரான் அவளைக் கடையில் பாத்திரம் கழுவ வைத்துக்கொண்டார். பத்தாங் பெர்ஜுந்தாயில் அவளைப் பற்றிப் பெரிய பேச்சு எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் அவள் கோலசிலாங்கூர் பஸ்ஸில் ஏறி, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். டிரைவர் கியரைப் போட்டு எவ்வளவு மிதித்தாலும் பஸ் உறுமுமே தவிர அசையாது. பயணிகள் பொறுமையாகப் பேப்பர் படிப்பார்கள். கண்டக்டர் தனபாலன் டிக்கெட்டுக் கட்டோடு அவளிடம் வந்து, தாழ்ந்த குரலில், "அக்கா, கொஞ்சம் கைய எடுங்கக்கா" என்பார். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். பஸ் புறப்படும்.