கொஞ்சக் காலம் இருந்த ராசா

எகிப்தை ஆண்ட பாரோ ஷெப்செஸ்காரே, மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அஜந்தா இருக்கிற மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஆடி அமாவாசைக்கு அடுத்த நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஆள் ஒன்றும் பெரிய ராசா இல்லை. சிம்மாசனத்தில் சில மாதம் இருந்திருப்பார், அதுவும் உறுதியில்லை. பிரமிட்டுக்கு அத்திவாரம் போட்டதோடு சரி என்பார்கள். அவர் இங்கே வந்ததற்கு முழுக் காரணம் அஜந்தாவின் நாக்கு.

அஜந்தாவின் புருஷனைக் கலியாணம் முடிந்த நாலாம் மாதம் வவுனியாவில் பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோனார்கள். போனவர் போனவர்தான். உடம்பும் வரவில்லை, ஒரு செய்தியும் வரவில்லை. பிறகு அண்ணன் பேரின்பநாதன் அவளை மொன்றியலுக்கு எடுத்தார். டோர்வலில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை கிடைத்தது, தலையும் நரைத்தது. "எத்தினை வருஷத்துக்குப் பிள்ளை இப்பிடி ரெண்டுங்கெட்ட நிலையிலை இருப்பாய்? ஒரு மோட்ச அருச்சனையாவது செய்து விடுவம்" என்று அண்ணன் அரித்தெடுத்தார். செய்தால் அவர் செத்தவராகிவிடுவாரே என்று அவளுக்கு நெஞ்சு பதறியது. ஆனாலும் ஆடி அமாவாசைக்குக் கோயிலுக்குப் போனாள்.

அண்ணன் கார் விட இடம் தேடி அலைந்த நேரம் பார்த்து, ஐயர் பெயர் கேட்டார். புருஷன் பெயரை அஜந்தா வாயால் சொன்னதே இல்லை. "இஞ்சாருங்கோ" என்றால் அவர் திரும்புவார், அவ்வளவுதான். பின்னால் சனம் நெருக்கியது. "அவர்... ராசா, ஐயா. கொஞ்சக் காலம்தான் இருந்தவர்" என்றாள். ஐயரும் அதையே சமஸ்கிருதத்தில் போட்டு அருச்சனையை முடித்தார். கொஞ்சக் காலம் ராசாவாக இருந்தவர் வந்துவிட்டார்.

வந்தவரைத் துரத்தவா முடியும்? படைத்த சோற்றை வழித்துத் தின்றார், ஆமாம் என்பதற்கு எங்களைப் போல ஓம் சொல்லப் பழகினார். மார்கழியிலும் அவள் பல்கனியில் மட்டும் பனி தங்கவில்லை. சூடான மணல் படிந்தது. கீழ்வீட்டு மனுஷி தன் தக்காளிச் சாடிகளை அங்கே கொண்டுவந்து வைத்து, மெர்சி என்று நன்றி சொன்னாள். ராசாவிடம் ஒரே ஒரு கரைச்சல்தான்: ஓயாமல் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டிருப்பார். "ஆரும் சொல்லாட்டி நான் இல்லாமல் போயிடுவன், பிள்ளை. நாலாயிரத்துச் சொச்சம் வருஷத்திலை நீதான் என்னைக் கூப்பிட்டனி" என்பார். அஜந்தாவுக்குச் சுருக்கென்றது. ஐயோ, தன் மனுஷனும் பெயர் சொல்ல ஆளில்லாமல் எங்கேயோ பசியோடு நிற்கிறாரோ!

தை அமாவாசைக்கு அவள் இரண்டு தட்டில் படைத்தாள். கண்ணை மூடி, "இரவிச்சந்திரன்" என்றாள். இன்னொருதரம், சத்தமாகச் சொன்னாள். ராசா தன் தட்டை வழித்து முடித்தார். மற்றத் தட்டில் ஒரு பருக்கை குறையவில்லை. பருப்பு ஆறி ஏடு பிடித்துக் கிடந்தது. ராசா எழும்பிப் போய், செத்தவர்களிடம் எல்லாம் விசாரித்துவிட்டுப் பொழுதுபட வந்தார். "எங்கடை பக்கம் அப்பிடி ஒராளும் இல்லை, பிள்ளை" என்றார்.

அஜந்தா நிலத்தில் குந்தி, குலுங்கிக் குலுங்கி அழுதாள். சந்தோஷம்தான். அது அடங்கியதும் வந்தது பாருங்கள் ஒரு கோபம்! நேரே பல்கனிக்குப் போனாள். "இரவிச்சந்திரன்! எங்கையப்பா நிக்கிறியள்? ஒரு போன் எடுக்கேலாதே உங்களுக்கு?" என்று தெரு அதிரக் கத்தினாள்.

இப்போதும் வேலையால் வந்ததும் தினம் அப்படித்தான் கூப்பிடுகிறாள். ராசாவும் பக்கத்தில் நின்று, கிடைத்த சந்தர்ப்பத்தை விடாமல், தன் பெயரையும் ஒருதரம் சொல்லிவைக்கிறார். கீழே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.