அம்மா வந்திருக்காங்க

ஆலையில் சிலிண்டர் நிரப்பும் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. டேங்கரில் திரவமாக வந்து இறங்கும் ஆக்சிஜனை வாயுவாக்கிக் குழாய்கள் வழியே சிலிண்டர்களில் அடைப்பார்கள். அவள் வரிசையாக நிற்கும் சிலிண்டர்களை உள்ளங்கையால் தொட்டுக்கொண்டே போவாள். நிரம்பிக்கொண்டிருப்பது லேசாகச் சூடேறியிருக்கும். தொட்டால் சில்லென்று இருப்பதில் ஏதோ கோளாறு, வால்வு சரியாகத் திறந்திருக்காது. மீட்டர் பார்ப்பதற்கு முன்னால் கை பார்த்துவிடும்.

நோய் பரவி, மூச்சு விட முடியாமல் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் கூடக் கூட, ஆலையின் போன் ஓயாமல் அடிக்கத் தொடங்கியது. ஒரு நாள் மேனேஜர் எல்லோரையும் லாரி நிற்கும் முற்றத்தில் தள்ளித் தள்ளி நிற்கவைத்துப் பேசினார். முகக்கவசத்துக்குள்ளிருந்து அவர் குரல் பாதிதான் வந்தது.

"வீட்டுக்குப் போயிட்டு வர்றதுல ஒருத்தருக்கு ஒட்டிக்கிச்சுன்னா மொத்த ஆலையும் படுத்துடும். முடிஞ்சவங்க இங்கேயே தங்கிடுங்க. கட்டாயம் இல்ல. ஒரு ரெண்டு மூணு வாரம்தான்."

அவள் வீட்டுக்குப் போய்ப் பெட்டி எடுத்தாள். அவள் கணவன் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அந்தப் பகுதியில் பாதிப் பேருக்கு அவன்தான் 'மாஸ்டர்'. மூடிய காருக்குள் அந்நியரோடு பக்கத்தில் உட்கார இப்போது யார் வருவார்கள்? ஸ்கூல் மூடிக் கிடந்தது. அவன் வீட்டோடு இருந்தான். அதனால்தான் அவளால் சரியென்று சொல்ல முடிந்தது.

"பாப்பாவ நான் பாத்துக்கறேன். நீ கவலைப்படாம போ," என்றான் அவன்.

"பாப்பாவப் பத்திக் கவலை இல்ல. உங்களப் பத்தித்தான். சுடுதண்ணி வைக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தண்ணிய அடுப்புல வைக்கணும். அது சுடும்."

மகள் ஒன்றாம் வகுப்பு. வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நீ போகக் கூடாது. பெட்டிய மூட விடமாட்டேன்," என்றாள். பிறகு பிஸ்கட்டுக்காக இறங்கிவிட்டாள். அவளுக்கும் ரெண்டு மூணு வாரம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

ஆலையின் மாடியில் இருந்த பயிற்சிக் கூடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்தைப் போர்வை கட்டி மறைத்திருந்தார்கள். அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் வால்வு அக்கா. நிரப்பி முடித்த சிலிண்டரின் வாயில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பது அந்த அக்காவின் வேலை. வாயும் அப்படித்தான், கசிந்துகொண்டே இருக்கும்.

"நான் இல்லாம வீட்டுல எல்லாரும் பட்டினி கிடப்பாங்கன்னு நெனச்சேன் பாத்துக்க," என்றார் ஒரு நாள். "போன்ல பாத்தா ஆளாளுக்கு ஒரு சுத்து பெருத்துருக்காங்க. எனக்கு வயிறு எரியுது."

அவள் சிரித்தாள். அப்போது சிரிப்பு வந்தது. ஏனென்றால் அவள் வீட்டிலிருந்து அப்போதெல்லாம் மணிக்கொரு போன் வந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, உப்பு எங்க இருக்கு?"

"பாப்பாவோட கம்பளிச் சட்டை எங்க?"

"இந்த வாஷிங் மெஷின் ஏன் நடந்து வருது?"

ஓடும் வேலையில் போனை எடுக்க முடியாது. இடைவேளையில் எடுத்துத் திட்டுவாள். திட்டிவிட்டு வைக்கும்போது மனசு நிறைந்திருக்கும். கண்ணை மூடினால் வீட்டின் ஒவ்வொரு டப்பாவும் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இங்கிருந்தபடியே கையை நீட்டி எடுத்துக் கொடுக்கிற மாதிரி இருக்கும்.

ரெண்டு மூணு வாரம் போய், மாதமும் போயிற்று. லாரிகள் வரிசை கட்டி நின்றன. காலி சிலிண்டரோடு வந்த டிரைவர்கள் சீட்டிலேயே தூங்கினார்கள். அவள் கைகள் சோப்பில் ஊறித் தோல் உரிந்தன. எண்ணெயோ க்ரீமோ தடவக் கூடாது, ஆக்சிஜன் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு போனால் பற்றிக்கொள்ளும். உரிந்த கையோடு சூடான சிலிண்டரைத் தொடும்போது, காய்ச்சல் வந்த மகளின் நெற்றி ஞாபகம் வரும். பக்கத்து வரிசைக்கு நகர்ந்துவிடுவாள். நின்று நினைக்க நேரம் கிடையாது. நேரம் கிடைக்கும்போது வருகிற ஏக்கமோ அற்பமான விஷயங்களுக்காக வந்தது. குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து மடியில் விழும் மகளின் தலை வாசனை. கட்டில் மேல் அவன் போடும் ஈரத் துண்டு. கல்யாணமான நாளிலிருந்து அந்தத் துண்டுக்காகச் சண்டை போட்டிருக்கிறாள். இப்போது அதை எடுத்துக் கொடியில் போட ஆசையாக இருந்தது.

மெல்ல மெல்லப் போன் குறைந்தது. அவள் முதலில் கவனிக்கவில்லை. ஒரு நாள் அவளே கேட்டாள், "உப்பு தீர்ந்திருக்குமே, பக்கத்துல புது பாக்கெட் இருக்கு, பாத்தீங்களா?"

"அதெல்லாம் அப்பவே பிரிச்சாச்சு. எல்லாத்தையும் மாத்தி அடுக்கிட்டேன், சுலபமா இருக்கு. நீ ரெஸ்ட் எடு."

நல்ல வார்த்தைதான். அவளுக்கு ஏனோ யாரோ கையிலிருந்து எதையோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் போனில் மகள் முன்பல் விழுந்த ஓட்டையைக் காட்டினாள். "எப்படிடி விழுந்துச்சு?" என்று கேட்டதற்கு, மகள் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்பா ஆட்டி எடுத்தாங்கம்மா. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள்.

நீங்க.

பிறந்ததிலிருந்து அம்மாவை 'நீ, வா, போ' என்று மட்டுமே சொன்ன வாய். அவள் கணவனிடம் கேட்டாள்.

"டீச்சர் போன்லதானே கிளாஸ் எடுக்கறாங்க. போன்ல வர்ற மூஞ்சிக்கெல்லாம் மரியாதை குடுக்கறா போல," என்று சிரித்தான். பிறகு, "நானும் சொல்லியிருக்கேன். உங்கம்மா சாதாரண ஆள் இல்ல, எத்தனையோ பேருக்கு மூச்சு குடுக்கறாங்கன்னு," என்றான்.

அவன் பெருமையாகச் சொன்னான். அவளால் கோபப்படவும் முடியவில்லை.

நோய் தணிந்து, லாரி வரிசை குறைந்து, ஆலை அவர்களை வீட்டுக்கு அனுப்பியபோது பருவமே மாறியிருந்தது. சோதனை செய்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு ஒரு முற்பகலில் அவள் வந்து இறங்கினாள். மாஸ்டர் பெட்டியை வாங்கிக்கொண்டான். வாசலில் மகள் நின்றாள். ஒரு பிடி உயர்ந்திருந்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று அவள் கையை விரித்தாள். மகள் வந்தாள். கட்டிக்கொண்டாள். ஆனால் ஓடி வரவில்லை.

உள்ளே போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கம்மா. தண்ணி வேணுமா?" என்றாள். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துச் சிந்தாமல் கொண்டுவந்தாள். எதிர்வீட்டு அத்தை பால்கனியிலிருந்து என்ன சத்தம் என்று கேட்டபோது, ஜன்னல் கம்பியைப் பிடித்து எம்பி, "எங்க அம்மா வந்திருக்காங்க!" என்று கத்தினாள்.

வந்திருக்காங்க. ஊரிலிருந்து வந்த பெரியம்மாவை, சித்தியை அப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். அவள் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

சமையலறை வேறு யாருடையதோ போல இருந்தது. உப்பைத் தேடி ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தாள்.

"மேல் தட்டுல இருக்கு," என்றான் அவன்.

"உப்பப் போய் யாராவது மேல வைப்பாங்களா?"

"கைக்கு எட்டுதுல்ல?"

"யார் கைக்கு?"

அவன் அப்போதுதான் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அவன் நெட்டை. எல்லாவற்றையும் தன் கைக்கு ஏற்ற உயரத்தில் அடுக்கியிருந்தான். உப்பு டப்பாவை எடுத்துக் கீழே வைத்தான். அவள் அதை மறுபடி மேலேயே வைக்கச் சொன்னாள். "நீங்க பழகினது இருக்கட்டும்," என்றாள். குரல் உடைந்ததை மறைக்கக் குழாயைத் திறந்துவிட்டாள்.

அவளுக்கு ஆலையில் கொஞ்ச நாள் விடுப்பு கொடுத்திருந்தார்கள். டிரைவிங் ஸ்கூலையும் திறந்துவிட்டார்கள், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. மாஸ்டர் வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் வாலு அவன் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. "அம்மாதான் வந்துட்டாங்கல்ல?" என்று அவன் சொன்னதும் அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

தாயும் மகளும் தனியாக விடப்பட்டார்கள். வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன்னெல்லாம் பின்னுவது போலவே வகிடு எடுத்து இறுக்கமாகப் பின்னினாள். முடித்ததும் மகள் கண்ணாடியில் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"அப்பா இப்படிப் போடமாட்டாங்க."

"அப்பா எப்படிப் போடுவாங்க?"

"லூசா. ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழ."

அவள் அவிழ்த்தாள். வேண்டுமென்றே கோணலாகப் போடுவது அவ்வளவு சுலபம் இல்லை என்று தெரிந்தது. இரண்டு முறை போட்டாள், இரண்டு முறையும் நேராகவே வந்து தொலைந்தது. மூன்றாவது முறை முடி சிக்கி இழுத்தபோது மகள் சீப்பைப் பிடுங்கி எறிந்தாள்.

"நீ போ! உனக்கு ஒண்ணுமே தெரியல! நீ எங்கயோ போயிட்ட, உன்கிட்ட நான் பேசவே மாட்டேன், போ!"

கத்திவிட்டுப் பயந்து நின்றாள். அம்மா அடிப்பாள் என்று நினைத்தாளோ என்னவோ. அம்மா தரையில் உட்கார்ந்தபடியே அழுதாள், சிரித்தாள், எது எது என்று பிரிக்க முடியவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு."

"என்ன?"

"என்னத் திட்டினியே. அத."

மகள் சந்தேகமாகப் பார்த்தாள். "திட்டினா சிரிக்கறே? நீ லூசா?" என்றாள். பிறகு அவளுக்கே தாங்கவில்லை. வந்து மடியில் விழுந்து, இவ்வளவு நாளும் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். அன்று வகுப்பில் டீச்சர் கூப்பிடக் கூப்பிடப் போன் மேசையிலேயே கிடந்தது.

சிறிது நேரத்தில் மாஸ்டர் போனில் கூப்பிட்டான். "சமாதானமானாளா? சாப்பிட்டாளா? பின்னல் போட்டா அழுவா, விளையாட்டு காட்டிக்கிட்டே போடணும்."

"உங்களுக்குக் கிளாஸ் இல்லையா?"

"இருக்கு. இப்பத்தான் ஒருத்தன் சுவத்துல இடிச்சான். தப்பு என்னுதுதான். பால் குடிச்சிருப்பாளான்னு யோசிச்சிட்டு இருந்தேன், என் பக்கத்து பிரேக்க மிதிக்கல." கொஞ்சம் நிறுத்தி, "வீடு ஞாபகமாவே இருக்கும்மா," என்றான்.

இந்த வார்த்தையை இத்தனை மாதமாக அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், போர்வைத் தடுப்புக்குள் படுத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல். இப்போது அது அவன் வாயிலிருந்து வந்தது. அவன் தன் இடத்தைப் பறித்துக்கொண்டான் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்ததை நினைத்து அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

"சாயங்காலம் சீக்கிரம் வாங்க," என்றாள். "வந்து எப்படிக் கோணலா போடறதுன்னு சொல்லிக் குடுங்க, மாஸ்டர்."

அதற்கப்புறம் ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சில நாள் 'நீ', சில நாள் 'நீங்க'. கீழே விழுந்து முட்டி சிராய்த்தால் வாலு அப்பாவைத்தான் தேடினாள். சமையலறைக்கு ஒரு சின்ன ஸ்டூல் வாங்கிப் போட்டான் அவன். அவள் ஆலைக்குத் திரும்பியதும், அவள் ஷிப்டுக்குத் தகுந்த மாதிரி அவன் வகுப்புகளை மாற்றிக்கொண்டான். ஒருவர் உள்ளே வர ஒருவர் வெளியே போனார்கள். வாசலில் செருப்பு மாட்டும் நேரத்தில்தான் பேச்சு. பாப்பாவுக்கு மருந்து குடுத்தாச்சு, கேஸ் வந்துச்சு, துணி காயல. அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று மட்டும் இருவரும் விடுப்பு எடுத்தார்கள். முதல் நாள் அழுவாள், இத்தனை மாதம் வீட்டிலேயே இருந்தவள், ஒருத்தரால் சமாளிக்க முடியாது என்று பேசி வைத்திருந்தார்கள். யாரிடம் ஓடி வருவாள் என்று இருவருக்குமே உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது.

கேட்டில் டீச்சர் நின்றிருந்தார். நெற்றிக்கு நேராகக் கருவியைக் காட்டிக் காய்ச்சல் பார்த்தார்கள். வாலு முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டாள். உள்ளே யாரோ ஒரு சிறுமி அவளைப் பார்த்துக் கையாட்டினாள். அவ்வளவுதான். பை முதுகில் குதிக்க ஓடிவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இருவரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்கள்.

"ரெண்டு பேரையும் கழட்டி விட்டுட்டா," என்றான் அவன்.

"நல்லா கழட்டி விட்டா."

காரில் ஏறி உட்கார்ந்தார்கள். அவன் சாவியைப் போட்டான், திருப்பவில்லை. அவள் அவனைப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. இது எப்போது? போனில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அவள் பார்க்கவில்லை. மகளுக்காக ஏங்கினாள், வீட்டுக்காக ஏங்கினாள், ஈரத் துண்டுக்காகக்கூட ஏங்கினாள். அந்தத் துண்டைப் போட்டவனுக்காகத்தான் அது என்று அப்போது தோன்றவே இல்லை. எல்லாம் தொடங்கியதிலிருந்து அவர்கள் இருவரும் தனியாக உட்கார்ந்தது இதுதான் முதல் முறை.

"இளைச்சிட்டீங்க," என்றாள்.

"இப்பத்தான் தெரியுதா?"

"இப்பத்தான் பாக்கறேன்."

அவன் கியர் மேல் இருந்த கையை எடுத்து, தோல் உரிந்து ஆறியிருந்த அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வீட்டுக்குப் போலாமா?" என்றான்.

"துணி துவைக்கணும். நிறைய கிடக்கு."

"சரி."

"கொஞ்ச நேரம் கழிச்சுப் போலாம்," என்றாள் அவள்.