போத்தல் கழுத்தில் தொங்கும் பெயர்

பியர்ப் பெட்டியின் விளிம்பில் ஒற்றைக் காலை ஊன்றி, எட்டி எட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள் சறோஜா. இடது கை போத்தலின் கழுத்தில் தொங்கும் சின்ன மரத்துண்டைத் திருப்பும். வலது கை ஃபோனை அழுத்தும். க்ளிக். அடுத்தது. முதலாளி சால்வோ சிகரெட் வாங்கப் போயிருந்தான். கடை தெரு முனையில்தான். வழியில் யாராவது பந்தடிக் கதைக்கு மறித்தால் நேரம் உண்டு. மறிக்காவிட்டால் இப்போதே படியில் சப்பாத்துச் சத்தம் கேட்கும்.

பலேர்மோவில், போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பின்னால், முன்பு உப்பு மீன் அடுக்கிவைத்த நிலவறை அது. சால்வோ ஒருமுறை ஒசாக்காவுக்குப் போய் நன்றாகக் குடித்துவிட்டு வந்தான். வந்த கையோடு நிலவறையை வாடகைக்கு எடுத்து, சிவப்புக் காகித விளக்குக் கட்டி, பார் மேசைக்கு முன்னால் எட்டு முக்காலி போட்டான். ஒசாக்காவில் ஒரே ஒழுங்கைக்குள் ஐம்பது பார் இருக்குமாம். ஒவ்வொன்றும் குளியலறை அளவுதானாம். வருகிறவர்களுக்குக் கை துடைக்கச் சுடுதுவாய் கொடுப்பார்களாம். வாடிக்கைக்காரர் முழுப் போத்தலாக வாங்கி, அதில் தன் பெயரைத் தொங்கவிட்டு, பாரிலேயே வைத்துவிட்டுப் போவாராம். எத்தனை மாதம் கழித்து வந்தாலும் அவருடைய போத்தல் தூசு படியாமல் காத்திருக்குமாம். "உங்கடை பேர் எங்கை தொங்குதோ, அதுதான் உங்கடை வீடு" என்று சால்வோ வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான்.

ஜப்பான் எழுத்தில் பெயர் எழுத ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஐஸ் அறுக்க வந்த சறோஜாவின் தம்பி விமலராஜைப் பிடித்தான்.

"எனக்கு ஜப்பான் எழுத்துத் தெரியாது" என்றான் விமலராஜ்.

"உன்ரை எழுத்தைப் போடு. வளைஞ்சு நெளிஞ்சு வடிவாத்தானே இருக்கு. இஞ்சை ஆர் வாசிக்கப் போறான்?"

அன்றிலிருந்து பலேர்மோவின் பெரிய மனிதர்கள் தமிழில் தொங்கத் தொடங்கினார்கள். சீசாப் பகுதியில் அக்காவும் தம்பியும் இருந்த சின்ன வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லியே சோறு இறங்கும்.

"அக்கா, அந்தப் பல் டொக்டர் ஒரு சதம் ரிப் தாறேல்லை. அவற்றை துண்டிலை 'மகா கஞ்சன்' எண்டு எழுதிவிட்டன். மனுசன் தடவித் தடவிப் பாக்கிறார்."

"விசரா! ஆரும் கண்டுபிடிச்சா?"

"கப்பல்லை வந்த ஜப்பான்காரன் ஒருத்தன் பாத்து முழிச்சவன்தான். சால்வோ 'இது ஆதிகாலத்து ஜப்பான்' எண்டான். பாவி, குனிஞ்சு வணக்கம் சொல்லிப்போட்டுப் போறான்."

அந்தச் சிரிப்பெல்லாம் மாரி மழையோடு போயிற்று. ஆள் கட்டிப்பிடிக்கிற அளவு ஐஸ்பாறையைச் சுமந்துகொண்டு ஈரப்படியில் இறங்கும்போது விமலராஜ் சறுக்கினான். பாறை அவன் வலது கைமேல் விழுந்தது. சால்வோ தன் காரிலேயே கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பினான். மூன்று விரல் போய்விட்டது. கேள்வி வந்தபோது சால்வோ நெஞ்சில் கை வைத்துச் சொன்னான்: "தெருவிலை கிடந்தவன். இரக்கப்பட்டு ஏத்தினன். இந்த மனுசனை நான் முந்தி கண்டதே இல்லை." ஒப்பந்தம் கிடையாது. சம்பளம் கையில் கொடுத்தது. அவன் அங்கே வேலை செய்தான் என்று நிரூபிக்காவிட்டால் நட்டஈடு இல்லை. வேலை இல்லையென்றால் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பதும் இல்லை.

அவ்வொக்காத்தோ ஷிபெத்தாதான் கை கொடுத்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவருடைய அலுவலகம். கோயிலில் யாரோ காட்டிவிட்ட வழக்கறிஞர். ஃபீஸ் கேட்கவில்லை. சறோஜா கொண்டுபோன ரோல்ஸை நின்றபடியே சாப்பிட்டு, விரலை நக்கிக்கொண்டு சொன்னார்: "சாட்சி கொண்டு வாங்கோ சிஞ்ஞோரா. என்ன கிடைச்சாலும் நேர எனக்கு அனுப்புங்கோ. வேறை ஒருத்தருக்கும் காட்டவேண்டாம்."

சாட்சி அலமாரியில் தொங்குவது நேற்றுத்தான் விமலராஜுக்கு உறைத்தது. "அக்கா, ஒவ்வொரு துண்டிலும் பின்பக்கம் திகதி போட்டு, ஒரு 'வி' போட்டனான். இந்த ஊரிலை வேறை எந்த விசரன் தமிழிலை எழுதுவான்?"

துப்புரவு வேலையில் இருந்த மொரிசியஸ்காரி மரி-ஃப்ரான்ஸ் பிள்ளைப்பேற்றுக்கு நின்றபோது, சறோஜா அந்த இடத்துக்கு வந்திருந்தாள். தம்பிக்கு என்ன நடந்தது என்று அறியத்தான் வந்தாள். சால்வோ அவள் பெயரைக் கேட்கவில்லை. "பெல்லா", அதாவது அழகி, என்றால் போதும் அவனுக்கு.

கடைசித் துண்டு. க்ளிக். படங்களையெல்லாம் சேர்த்து ஷிபெத்தாவுக்கு அனுப்பினாள். ஒவ்வொன்றின் மூலையிலும் சின்ன மணிக்கூட்டு அடையாளம் நின்றது. நிலவறையில் சிக்னல் இல்லை. வாசலுக்குப் போவோம் என்று பெட்டியிலிருந்து குதித்தாள்.

படியில் சப்பாத்துச் சத்தம்.

ஃபோன் ஏப்ரன் பைக்குள் போயிற்று. கை தானாகவே ஒரு துவாயை எடுத்துச் சுருட்டத் தொடங்கியது.

"பெல்லா!" சால்வோவின் கக்கத்தில் ஒரு கடதாசிப் பை. உள்ளேயிருந்து தங்க நிற மூடி போட்ட போத்தலை எடுத்தான். "இது என்ன தெரியுமே? உண்மையான ஜப்பான் விஸ்கி. இண்டைக்கு இரவு என்ரை சிநேகிதர் ஒருத்தர் வாறார். நீயும் அந்த எழுத்து எழுதுவாய்தானே? நீங்கள் எல்லாரும் எழுதுவியள்."

"கொஞ்சம் தெரியும்" என்றாள் சறோஜா. சுருட்டிய துவாயை ஏப்ரன் பைக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள்.

புதிய மரத்துண்டையும் தூரிகைப் பேனாவையும் அவள் முன்னால் வைத்தான். தன் ஃபோனைப் பார் மேசையில் போட்டான். "ரு-ஜ்ஜே-ரோ. வடிவா எழுது. எனக்குப் பெரிய உதவி செய்யிற மனுசன்."

'ரு' என்று எழுதினாள். சுழி வளைந்து இறங்கியது. சால்வோ தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"அட பாரன்! மற்றவனை விட உன்ரை கை நல்லா இருக்கு."

அவள் நிமிர்ந்தாள். "ஆர் மற்றவன்?"

"ஒருத்தனும் இல்லை. எழுது."

மேலே ஐஸ் வானின் ஹோர்ன் கேட்டது. சால்வோ படியேறித் தெருக்கதவை அகலத் திறந்து, அது மூடாமல் கல்லை அண்டக்கொடுத்தான். பின்னேர வெயில் படி வழியே கீழே இறங்கியது, அதோடு சிக்னலும். சறோஜாவின் ஏப்ரன் பை அதிர்ந்தது. மேசைக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். படங்கள் எல்லாம் போயிருந்தன, எல்லாவற்றிலும் நீலக்கோடு. கீழே ஒரு பதில்: "பிராவா, சிஞ்ஞோரா. வேறு யாருக்கும் காட்டவேண்டாம்."

மாரியிலிருந்து அடைத்துக்கிடந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. தம்பிக்கு இனி ஒரு வழி பிறந்துவிட்டது. மீதி எழுத்துகளை எழுதி முடித்தாள். 'ருஜ்ஜேரோ.' மை பளபளத்தது.

ஐஸ்பாறையைச் சாக்கில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி சால்வோ பக்கவாட்டாக இறங்கி வந்தான். ஐஸ் சுமக்க ஆள் போனதிலிருந்து அவன்தான் சுமக்கிறான். அதற்கே மூச்சு வாங்கியது. பாதிப் படியில் பார் மேசையில் கிடந்த அவனுடைய ஃபோன் அடிக்கத் தொடங்கியது.

"ஆரெண்டு பார், பெல்லா. எனக்குக் கை இல்லை."

சறோஜா எட்டிப் பார்த்தாள். திரை மினுங்கி மினுங்கி அடித்தது. வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள்.

"ஆர்?"

"ஷிபெத்தா" என்றாள். கண் திரையிலேயே நின்றது. "அவ்வொக்காத்தோ ஷிபெத்தா."

"அட, அவர்தான்! ருஜ்ஜேரோ ஷிபெத்தா, நீ இப்ப எழுதின ஆள்." சால்வோ சிரித்துக்கொண்டே கீழே வந்து அவளுக்கு முன்னால் நின்றான். சாக்கிலிருந்து தண்ணீர் அவன் சப்பாத்தில் சொட்டியது. "எடுத்து என்ரை காதிலை பிடி. கெதியா, கட்டாகப் போகுது."

அவள் எடுத்துப் பிடித்தாள். மையில் கறுத்த விரல்களுக்கு நடுவில் அந்தப் பழகிய குரல் மெல்ல, அவசரமாகக் கதைத்துக்கொண்டிருந்தது. சால்வோவின் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. கண் மட்டும் மெதுவாக மேலே ஏறி, அலமாரியில் வரிசையாகத் தொங்கிய மரத்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனது. சறோஜாவின் கை அவன் காதிலேயே இருந்தது.